நாற்பதாவது படத்துக்குக் கையெழுத்து வாங்க சத்தியமங்கலம் போனேன்

இந்த வலைப்பதிவைப் படிப்பவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்விகள்தான். துப்பாக்கிச் சூடு நடக்கும் ஊருக்குப் போகும்போது பையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. வீட்டில் எப்படி விட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கை வலிக்க எழுதியாகிவிட்டது. இந்த முறை எழுதுவது கோவையிலிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி, அரசுப் பேருந்தில் போய் அன்று மாலையே திரும்பி வந்த பயணத்தைப் பற்றி. தலைக்கவசமும் வேண்டாம், குண்டு துளைக்காத அங்கியும் வேண்டாம். இருந்தும் முந்தின இரவே அலாரத்தை இரண்டு முறை சரிபார்த்தேன்.

பதினாறு வருடமாகச் சண்டை நடக்கும் இடங்களில் பத்திரிகைகளுக்காகப் படம் எடுக்கிறேன். அவற்றில் நாற்பதைப் பொறுக்கி மாசி மாதம் கோவையில் கண்காட்சி வைக்க என் தோழி உமா ஏற்பாடு செய்தாள். முப்பத்தொன்பது படங்களில் ஒரு சிக்கலும் இல்லை. நாற்பதாவதுதான் நடுச்சுவரில் பெரிதாக மாட்ட வேண்டியது, அழைப்பிதழிலும் அதுவே என்று உமா முடிவே கட்டிவிட்டாள். அதில் இருக்கும் மனிதரிடம் மட்டும் நான் இன்னும் சம்மதம் கேட்கவில்லை. அழைப்பிதழ் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் ஒரு கையெழுத்து வேண்டும். ஆகவே தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு, ஆப்பிரிக்காவில் உள்நாட்டுப் போர் நடக்கும் ஒரு நாட்டில் எடுத்தது. நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவரோடு வேலை செய்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அகதி முகாமுக்குக் குடிநீருக்காக ஆழ்துளைக் கிணறு போடும் இடத்துக்கு நான் போயிருந்தேன். அங்கே நின்றது நம் பக்கத்து ரிக் வண்டி. காலை 11.20க்குச் சந்தைப் பக்கமிருந்து துப்பாக்கிச் சூடு ஆரம்பித்தது. ஓடும்போது கல் தடுக்கி, "ஐயோ அம்மா" என்று விழுந்தேன். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை என்னைப் பிடித்து இழுத்தது.

"தமிழுங்களா நீங்க?"

"ஆமாங்க. கோயமுத்தூரு."

"கோயமுத்தூர்ல எங்கீங்க?"

"கோட்டைமேடு."

"அட, அங்க எங்க சின்ன மாமன் இரும்புக் கட வெச்சிருந்தாருங்க. தலைய நல்லாக் குனிஞ்சுக்குங்க."

தலைக்கு மேல் குண்டு பறந்தாலும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு முடிக்காமல் விட மாட்டோம் நாங்கள். அவர் பெயர் செல்வராசு, சத்தியமங்கலம் பக்கத்துக்காரர், அந்த ரிக்கை இயக்கும் டிரில்லர். அடுத்த நிமிடம் மிக அருகில் ஒரு குண்டு வந்து விழுந்து மண் எங்கள் மேல் கொட்டியது. செல்வராசு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். என் கை அதன் வேலையைச் செய்தது. பதினான்கு பிரேம். ஒன்பதாவதுதான் அந்தப் படம்.

நாற்பது நிமிடம் கழித்துச் சத்தம் நின்றது. அவர் எழுந்து முகத்தைக் கழுவி, அடுப்பைப் பற்றவைத்துத் தக்காளிச் சோறு ஆக்கினார். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். எங்கள் வண்டி கிளம்புகிற அவசரத்தில் ஊர்ப் பெயரை என் குறிப்பேட்டில் எழுதித் தந்தார். படத்தைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பெயரும் சம்மதமும் இல்லாமல் அழுகிற முகத்தை எங்கும் அனுப்புவதில்லை என்பது நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டால் என் வாழ்நாளிலேயே நல்ல படம் மூன்று வருடம் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது. பெருமையாகத்தான் சொல்கிறேன், எரிச்சலோடும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை டவுன்ஹால் பக்கம் ஒரு போட்டோ லேபில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வாங்கினேன். பார்க்காத படத்துக்குச் சம்மதம் வாங்குவது ஏமாற்று வேலை, அதனால் கையில் கொண்டு போவதுதான் முறை. முகூர்த்த மாதமாயிற்றே, லேபில் சாதாரண உறை தீர்ந்துவிட்டதாம். மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டு நிற்கும் தங்க எழுத்துப் பளபளப்புப் பை ஒன்றில் போட்டுக் கொடுத்தார்கள். கல்யாண ஆல்பம் போட்டுத் தரும் பை. இருக்கட்டும், மடங்காமல் இருந்தால் சரி என்று வாங்கிக்கொண்டேன்.

காந்திபுரத்தில் காலை 6.40க்கு சத்தி பஸ் ஏறினேன். டிக்கெட் 58 ரூபாய். பின்படிக்கு அடுத்த ஜன்னலோர இடம் கிடைத்தது. எங்கே போனாலும் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்வது தொழில் கொடுத்த பழக்கம். வீட்டில் கல்யாண விருந்துக்குப் போனாலும் இப்படித்தான், பந்தியில் கடைசி இலை எனக்கு. சரவணம்பட்டி தாண்டும்வரை பஸ் ஊர்ந்தது. கோவில்பாளையம் தாண்டிய பிறகுதான் ஜன்னலில் காற்று வந்தது. அன்னூருக்கு 7.45. கண்டக்டர் எட்டு நிமிடம் கொடுத்தார், நிலையத்துக்கு எதிர்க்கடையில் டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாக இருந்தது.

அன்னூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா என் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தார். புளியம்பட்டி வருவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஆருக்குங்க கல்யாணம்?"

"அண்ணன் புள்ளைக்குங்க" என்று சொல்லிவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்க எனக்கு அங்கே தெம்பு இல்லை. அவர் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டார். எஞ்சினியர் என்றேன். இல்லாத பெண்ணுக்குப் பஸ் பதினைந்து கிலோமீட்டர் போவதற்குள் நல்ல இடமாகப் பார்த்து முடித்துவிட்டேன்.

சத்தியமங்கலம் சேரும்போது மணி 8.55. நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் இரண்டு இட்லி, ஒரு தோசை, காபி, எல்லாம் சேர்த்து 85 ரூபாய். செல்வராசின் ஊர் பவானிசாகர் சாலையில் ஒன்பது கிலோமீட்டர் போய், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மேட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். ஆட்டோ 220 ரூபாய். ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கும். ஊரைச் சொன்னதும் வண்டியை எடுத்தார், பேரைச் சொன்னதும் பேச ஆரம்பித்தார்.

"ரிக்கு வண்டி செல்வராசுங்களா? பத்திரிக வெக்க வந்தீங்களா அம்மணி?"

"இல்லீங்க, சும்மா பாக்கத்தான்."

"இப்பவே பாத்துக்குங்க. வர்ற இருவதாந் தேதி மறுக்கா அந்த நாட்டுக்கே போறானாமா."

எனக்கு இது புதுச் செய்தி. "அங்க சண்ட நடக்குதுங்களே" என்றேன்.

"கேட்டனுங்க. தீவாளிப் பட்டாசாட்ட அங்கொண்ணும் இங்கொண்ணும் வெடிக்கும், வேற ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டான். அவம் பொண்டாட்டியும் அதையேதான் சொல்லுது."

வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வயல் பச்சையாக இருந்தது. அந்தப் பக்கம் ஏறியதும் வறண்டுபோன மண்ணும் வேலிமுள்ளும்தான். அந்தக் காய்ந்த பக்கத்தில் செல்வராசின் வீடு, சிமெண்டுத் தளம் போட்ட இரண்டு அறை, பக்கத்தில் ஐந்து மாடுகள் கட்டிய கொட்டகை. மணி 9.40.

அவர் மனைவி மகேஸ்வரி சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க, வாங்க" என்றார், யார் என்று பிறகுதான் கேட்டார். செல்வராசு கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"கோட்டைமேட்டு அக்காங்களா! மகேசு, நாஞ் சொல்லுவனல்ல, அங்க ஒருக்கா பாத்தேன்னு? போட்டோப் புடிக்கறவிங்க. இவிங்கதான்."

காபி வந்தது. பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, மாடுகளைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டவரோடு வெளியே போனேன். இங்கே என் புத்தி எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ சோதனைச் சாவடிகளில் அடி வாங்கியும் பையைக் கைவிட்டதில்லை நான்.

கொட்டகைக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு போர்வெல் குழாய் இருந்தது. செல்வராசு அதன் தலையைக் காலால் தட்டினார்.

"ஆயிரத்து நூறு அடிங்க. நானே நின்னு ஓட்டுனன். பொகதான் வந்துச்சு. அங்க நூத்தம்பது அடியில தண்ணி பீச்சியடிக்குதுங்க. பொம்பளைங்க கொலவ உட்டு ஆடுவாங்க, என்னையப் புடிச்சு நனச்சு உட்டுருவாங்க. அதப் பாத்துப்போட்டு இங்க வந்து சும்மா உக்கார முடியிலீங்க. அதான் மறுக்கா வாரேன்னுட்டேன்."

நான் கைபேசியில் படத்தைக் காட்டினேன். வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நானுங்களா இது?"

"ஆமாங்க."

"எங்கப்பன் போனப்பக்கூட நான் இப்படி அழுவுலீங்க."

கண்காட்சி, நடுச்சுவர், அழைப்பிதழ் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாம் என்றால் வேண்டாம், மனம் நோக மாட்டேன் என்றும் சொன்னேன். இரண்டாவது சொன்னது பொய். அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஊட்டுல ஒண்ணுந் தெரியாதுங்க. பட்டாசுன்னு சொல்லி வெச்சிருக்கறன். எங்கூர்ல ஆரு கோயமுத்தூர் போயி சுவத்துல போட்டோப் பாக்கப்போறாங்க? நீங்க மாட்டிக்குங்க. கையெழுத்துத்தான, போட்டர்றன். அவகிட்ட மட்டும் காட்டிப்போடாதீங்க."

படிவம் என் சட்டைப் பையில் தயாராக இருந்தது. பேனாதான் என்னிடம் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது என்றார். திரும்பி நடக்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபதாம் தேதி என் நினைவிலேயே இல்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், நடுச்சுவர்தான் நினைவில் இருந்தது.

கல்யாண ஆல்பம் எந்த வீட்டுக்கு வந்தாலும், அந்த வீட்டுப் பெண்கள் எடுத்துப் பார்ப்பார்கள். இது எங்கள் பக்கத்து வழக்கம். பார்க்கலாமா என்று யாரும் கேட்பதில்லை, பார்க்காமல் வைத்தால்தான் வந்தவர்களுக்கு வருத்தம். மகேஸ்வரியும் வீடு தேடி வந்த ஒறம்பரைக்குச் செய்ய வேண்டிய மரியாதையைத்தான் செய்திருந்தார். நாங்கள் உள்ளே வந்தபோது கட்டில் மேல் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கும் பை காலியாகக் கிடந்தது. மகேஸ்வரி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வராசு அலமாரித் தட்டிலிருந்து பேனாவை எடுத்த பிறகுதான் அதைப் பார்த்தார்.

"இது எப்பங்க, அக்கா?" அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

"மூணு வருசம் ஆச்சுங்க. பக்கத்துல குண்டு உளுந்துச்சு."

"எத்தன பக்கத்துல?"

இந்த மாதிரிக் கேள்விக்குப் பொய் சொல்லத் தெரியாத தொழில் என்னுடையது. அறையிலிருந்து அவர்கள் வீட்டுக் கொட்டகை வரையிலான தூரத்தைக் காட்டினேன். மகேஸ்வரி அங்கே திரும்பிப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"பட்டாசுன்னீங்க."

செல்வராசு பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

படத்தை எதற்குக் கொண்டுவந்தேன் என்று மகேஸ்வரி கேட்டார். சொன்னேன். நாலு பேர் பார்த்தால்தான் போர் என்றால் என்னவென்று தெரியும், அப்போதுதான் எங்காவது யாராவது நிறுத்துவார்கள் என்று சொன்னேன். பல மேடைகளில் சொன்னதுதான், கோர்வையாகவே வந்தது. அவர் கவனமாகக் கேட்டார்.

"நீங்க எடுத்த போட்டோவப் பாத்துப்போட்டு எத்தன சண்ட நின்னுருக்குதுங்க, அக்கா?"

குத்திக் கேட்கவில்லை. பாலுக்கு என்ன விலை என்று கேட்கிற மாதிரி, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதினாறு வருடத்தை மனதுக்குள் ஒரு முறை புரட்டிப் பார்த்தேன்.

"ஒண்ணும் நிக்கலீங்க."

"அப்ப இத எனக்குக் குடுத்துருங்க. வேற எங்கயும் மாட்டாதீங்க."

நான் செல்வராசைப் பார்த்தேன். அவர் பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். அதோடு என் நடுச்சுவர் போனது. மகேஸ்வரி பீரோவைத் திறந்து, உள்தட்டிலிருந்த தகரப் பெட்டியை எடுத்தார். படம் பெரிது, பெட்டிக்குள் போகவில்லை. பெட்டியைக் கீழ்த்தட்டில் வைத்து அதன் மேல் படத்தை, முகம் தெரிகிற மாதிரி வைத்தார்.

"பாஸ்போட்டு இதுக்குள்ளதான் இருக்குது. போகவேண்டாம்னு நாஞ் சொல்லுலீங்க. எடுக்கறப்ப இதத் தூக்கிப்போட்டு எடுக்கட்டும்."

பீரோவைச் சாத்தினார். "சித்தெ இருங்க, சாப்புட்டுட்டுத்தான் போகோணும்" என்று அடுக்களைக்குப் போனார்.

மூல ஃபைல் என்னிடம் இருக்கிறது, ஆனால் இனி அச்சிட மாட்டேன் என்று செல்வராசிடம் அவர் கேட்காமலே சொன்னேன். "ஆகட்டுங்க" என்றார். கோபம் இல்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்த மாதிரி தெரிந்தது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. அரிசிம்பருப்புச் சோறும், நெய்யும், கத்தரிக்காய்ப் பொரியலும் வந்தன. மூன்று பேரும் மாட்டைப் பற்றியும் பால் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு சாப்பிட்டோம். இங்கேயும் எனக்கு இரண்டு தட்டு. கிளம்பும்போது மகேஸ்வரி என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, காலிப் பளபளப்புப் பையில் இரண்டு தேங்காயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போட்டுக் கொடுத்தார்.

மதியம் 2.10க்கு அதே ஆட்டோ, சத்தியிலிருந்து 2.50 பஸ், கோவைக்கு 5.05. பஸ்ஸில் உமாவுக்கு அழைத்து நடுச்சுவருக்கு வேறு படம் பார் என்றேன். அவள் திட்டியதில் பாதியை இங்கே எழுத முடியாது. வாழ்நாளின் நல்ல படத்தை ஒரு பீரோவில் விட்டுவிட்டு வந்தவளுக்கு அழுகை வர வேண்டும். எனக்கோ அன்னூர் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிட்டது. நல்ல தூக்கம், சரவணம்பட்டி நெரிசலில்தான் விழித்தேன். மனம் ஏன் அவ்வளவு லேசாக இருந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கோவையிலிருந்து சத்திக்கு பஸ் நிறைய உண்டு, ஆனால் ஆறு மணிக்குள் கிளம்பினால் சரவணம்பட்டியில் கால் மணி நேரம் மிச்சம். முகூர்த்த நாளில் போகாதீர்கள், நிற்கக்கூட இடம் இருக்காது. வாய்க்கால் பாலத்துக்கு அப்பால் கடை கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். ஆட்டோவுக்குத் திரும்பி வருவதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், எனக்கு மொத்தம் 400 ஆனது.

கேமராவோடு சண்டை நடக்கும் இடங்களுக்குப் போக ஆசைப்பட்டு எனக்குக் கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். சம்மதத்தை அன்றைக்கே, அங்கேயே கேட்டுவிடுங்கள். மூன்று வருடம் கழித்துப் போனால் அந்த ஆளுக்கு ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டில் அவர் சொல்லி வைத்த கதை ஒன்று இருக்கும். கையெழுத்துப் படிவத்தைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து இல்லாமல் திரும்பி வரவும் மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். பேருந்துக் காசு ஒன்றும் வீணாகிவிடாது.

கண்காட்சி முப்பத்தொன்பது படங்களோடு நடந்து முடிந்தது. இதை எழுதத் தூண்டியது அது அல்ல. பத்தொன்பதாம் தேதி காலை, செல்வராசு கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள், மகேஸ்வரி போனில் கூப்பிட்டார்.

"வெளிநாட்டுக்கு அனுப்பற ஏஜெண்டு பாஸ்போட்டு கேக்கறாருன்னு நேத்துச் சாயங்காலம் அவுரு பீரோவத் தொறந்தாருங்க, அக்கா. நான் வெங்காயம் அரிஞ்சுட்டே இருந்தேன். நெம்ப நேரம் அங்கயே நின்னாருங்க. பொறவு மெதுவாச் சாத்திப்போட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு."

"இப்ப எங்கிருக்காருங்க?"

"கொட்டகையிலதான். காத்தாலயிருந்து அந்த ஏஜெண்டு நாலு தடவ கூப்புட்டுட்டாரு. போனு கட்டில்ல கெடந்து அடிச்சுட்டே இருக்குதுங்க. அவுரு எடுக்கவே இல்லீங்க."